பிள்ளை மாற்றிய நாற்பது நாள்

திருநெல்வேலி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் தோவாளையில் ஆளாளுக்கு ஒவ்வொரு வேலை ஞாபகம் வரும். பூக்கூடைக்காரர்கள் ரோட்டுக்கு ஓடுவார்கள். உலையில் அரிசி போட மறந்தவள் தலையில் அடித்துக்கொள்வாள். தாணம்மாளுக்கு மட்டும் மாரில் பால் ஊறும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், பிள்ளை பெற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அப்போதைய பஸ்ஸை நினைத்தாலே ஒரு சந்தோஷம். டிரைவர் கைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் பந்து தொங்கும். அதை அமுக்கினால் எருமை கதறுவது மாதிரி ஒரு சத்தம் வரும், அரை மைலுக்குக் கேட்கும். நாளைக்கு நாலு தடவை அந்தச் சத்தம். ஊரில் கடிகாரம் இருந்தது இரண்டே வீட்டில்; அந்த இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டி யாரும் பார்த்ததில்லை. ஆகவே ஊருக்குப் பஸ்தான் கடிகாரம். தாணம்மாளுக்கு அது வேறு ஒன்றாகவும் ஆனது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தாணம்மாள் பூக்கட்டுகிற வீட்டு மருமகள். புருஷன் பகவதியப்பன் பிச்சிப்பூ வாங்கி வடசேரிச் சந்தைக்கு அனுப்புகிறவன். அவள் பூக்கட்டினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பேசிக்கொண்டே கட்டுவாள், வாசலில் போகிறவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கட்டுவாள், ஒரு பூ பிசகாது. ஆனால் தன் தலையில் ஒரு பூ வைக்க மாட்டாள். புருஷன் உயிரோடு இருக்கிறவள், வீடு நிறையப் பூ கிடக்கிறது, தலை மட்டும் வெறுமையாக இருக்கும். தோவாளையில் இதைவிட அதிசயம் வேறென்ன வேண்டும்?

காரணம் ஊருக்கே தெரியும். கொல்லம் ஆண்டு 1105 ஐப்பசியில் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது, ஆண்பிள்ளை. இருபத்திரண்டாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. பிள்ளை போன பிறகும் பால் நிற்கவில்லை. பிள்ளை போனது மாருக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்குச் சுரந்தது. சேலை நனைய நனைய அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாமியார் சொர்ணம்மாள் பிச்சிப்பூவை நெருக்கமாகக் கட்டி, மாரைச் சுற்றி வைத்து, மேலே துணியால் இறுக்கினாள். காலையும் மாலையும் புதுப்பூ. மூன்றாம் நாள் பால் வற்றிவிட்டது. கட்டும்போதெல்லாம் சொர்ணம்மாளின் கண்ணீர் பூவில் விழுந்தது. அன்றோடு தாணம்மாள் தலையில் பூ வைப்பதை விட்டாள்.

1107 ஆனியில், இங்கிலீஷ் கணக்கில் முப்பத்திரண்டாம் வருஷம், இரண்டாவதாக ஒரு பெண்பிள்ளை பிறந்தது. தாய் வீட்டில் தாய் இல்லாததால் பேறு மாமியார் வீட்டில்தான். நாகம்மை என்று பெயரிடுவதாக முன்பே நேர்ந்திருந்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. முதல் மூன்று நாள் சீம்பால் பிள்ளைக்கு ஆகாது என்று பீய்ச்சித் தென்னை மூட்டில் ஊற்றினார்கள். பிள்ளைக்குக் கருப்பட்டித் தண்ணீரைத் துணித்திரியில் நனைத்துக் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளிவிடும் என்று பெற்றவளுக்குச் சுட்ட அப்பளமும் மருந்துருண்டையும் தொண்டை நனைய ஒரு வாய் சுடுதண்ணீரும். நாலாம் நாள் பிள்ளையை மாரில் விட்டபோது மார் கல்லாய்க் கட்டியிருந்தது. பிள்ளைக்குப் பிடிக்கத் தெரியவில்லை. பிடித்தது, நழுவியது, வீரிட்டது. காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. ஆறாம் நாள் மார் தொய்ந்துவிட்டது, பால் வந்தபாடில்லை.

மருத்துவச்சி வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பூ கட்டின மாருல்லா சொர்ணம்மே. ஒரு தடவ வத்த வச்சா பொறவு ஊறாது. அதுலயும் இந்தப் பூவாசத்துக்குள்ள கெடந்தா எங்கேருந்து ஊறும்?"

அவள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொர்ணம்மாள் அப்படியே இடிந்துபோனாள். கட்டினது அவள் கை. வேறு யார் பேரில் பழி போட முடியும்? அன்றைக்கே மருமகளையும் பிள்ளையையும் வீட்டுக்கு மேற்கே, வைக்கோல் அடைக்கிற கொட்டகையான புரைக்கு மாற்றினாள். ஆனிமாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஆளைத் தூக்குகிற மேல்காற்று. மேற்கிலிருந்து காற்றடித்தால் வீட்டுப் பூவாசம் கிழக்கே போய்விடும், புரைக்கு வராது என்பது அவள் கணக்கு. தோவாளைக்காரியைத் தவிர யாருக்கு இப்படியொரு யோசனை வரும்!

பகவதியப்பன் பாடு அதைவிட. சாம்பலும் நாரத்தை இலையும் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு, புரைக்கு வெளியே கிழக்கே தள்ளி நிற்பான்.

"தாணு, பிள்ள குடிச்சாளா?"

"இல்ல."

"சரி."

அவ்வளவுதான். ஒரு பூ வியாபாரி தன் கையிலிருக்கிற வாசனைக்குப் பயந்து, பெற்ற பிள்ளையைத் தொடாமல் போவான். உள்ளே தாணம்மாள் வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். முதல் பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று, சரி. இதை நானே பட்டினி போட்டுக் கொல்லப்போகிறேனே என்பதுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போயிற்று. ஏழாம் நாள் காலையில் நாகம்மை அழுவதை நிறுத்திவிட்டாள்.

புரைக்கு அந்தப் பக்கம், வேலியை ஒட்டி, ஒரு வாடகை வீடு. அதில் திருநெல்வேலி பஸ்ஸின் டிரைவரும் அவன் பெண்டாட்டி ஓமனாவும் குடிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது. குலசேகரத்துக்காரி. தாணம்மாளைவிட இரண்டு வயது மூத்தவள். பேச்சில் பாதி மலையாளம். இடுப்பில் தங்கப்பன் என்று எட்டு மாதத்து உருண்டைப் பயல் ஒருவன். எந்த ஊரோ என்ன ஆளோ, பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று சொர்ணம்மாள் மருமகளிடம் சொல்லியிருந்தாள். அதனால் வேலிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் சிரித்துக்கொண்டதோடு சரி.

ஏழாம் நாள் முற்பகல், சொர்ணம்மாள் ஆட்டுப்பால் வாங்கப் போன சமயம், ஓமனா வேலியைத் தாண்டி வந்து புரை வாசலில் நின்றாள்.

"கொச்சு ரெண்டு நாளாக் கரைஞ்சுகிட்டே கெடந்துது. இன்னைக்கு ஒரு ஒச்சையும் இல்ல. அதான் வந்தேன்."

கொச்சு என்றால் அவள் பேச்சில் பிள்ளை, கரைவது என்றால் அழுவது. அழுகை கேட்டபோது வராதவள், அழுகை நின்றதும் பயந்து வந்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். உதடு காய்ந்து தோலுரிந்திருந்தது.

"நீ வெள்ளம் குடிச்சியா?"

"தண்ணி தரமாட்டாவ. வயிறு தள்ளிருமாம்."

"பொறவு பால் எங்கேருந்து வரும்? ஆகாசத்துலேருந்தா?"

தங்கப்பனை வைக்கோலில் உட்கார வைத்தாள். அவன் உடனே ஒரு பிடி வைக்கோலை வாயில் திணித்துக்கொண்டான். ஓமனா யாரிடமும் கேட்கவில்லை. நாகம்மையை மடியில் போட்டு, தன் பாலைத் துளித்துளியாக அதன் உதட்டில் பீய்ச்சினாள். மூன்று துளி வழிந்து ஓடியது. நாலாவது துளிக்கு நாக்கு வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் பிள்ளை மெல்லப் பிடித்துச் சப்பியது. தாணம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளை இன்னொருத்தி மாரில் குடிக்கிறது, தனக்கு அதைப் பார்க்கிற பாக்கியம் மட்டும்தானா என்று ஒரு பக்கம். குடிக்கிறதே, குடிக்கிறதே என்று இன்னொரு பக்கம்.

"எனக்கு வத்திப் போச்சுக்கா. மூத்தவன் போனப்ப பூ கட்டியாச்சு."

"அது எப்போ?"

"ரெண்டரை வருசம் இருக்கும்."

"அதுக்குப் பொறவுல்லா இவ உனக்க வயித்துல வந்தா? வயிறு மறந்துதுன்னா மாரு மட்டும் ஞாபகம் வச்சிருக்குமா? அழாத. இதைக் கேளு. உனக்க கொச்சுக்கு இப்போ உறிஞ்ச சக்தி இல்ல. எனக்க பயல எடுத்து நீ போடு. இவன் கல்லுல போட்டாலும் உறிஞ்சுவான்."

தாணம்மாள் தங்கப்பனைப் பார்த்தாள். அவளுக்குக் கை வரவில்லை. வெட்கம் ஒன்றும் இல்லை, பயம்தான். இந்தத் தடியன் உறிஞ்சியும் வரவில்லை என்றால் அப்புறம் ஒரு சந்தேகமும் மிச்சமில்லை. இப்போதைக்கு, ஒருவேளை வருமோ என்று நினைத்துக்கொள்ளவாவது முடிகிறது. அதையும் இழக்க வேண்டுமா?

ஓமனா விடவில்லை. முதலில் வீட்டுக்குப் போய் ஒரு செம்புச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து குடிக்க வைத்தாள். ஏழு நாள் தாகம்! தாணம்மாள் செம்பைக் கீழே வைக்காமல் குடித்தாள். பிறகு ஓமனா அவளைப் பின்னாலிருந்த வைக்கோல் கட்டின் மேல் சாய்த்து உட்கார வைத்தாள்.

"குனியாத. சாஞ்சு இரி. மார கொச்சுக்கிட்ட கொண்டு போவாண்டாம், கொச்ச மாருகிட்ட கொண்டு வா. வாய நல்லா ஆன்னு தொறந்த பொறவு வையி. நுனிய மட்டும் கொடுத்தா வெடிக்காம என்ன செய்யும்?"

தங்கப்பன் பிடித்தான். வெடித்த காம்பு, உயிர் போகிற வலி, தாணம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் இழுத்தான், ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டு அம்மையைப் பார்த்து முறைத்தான். இது என்னத்த ஏமாத்து வேல என்று கேட்பது போல இருந்தது. ஓமனா மறுபக்கம் மாற்றிப் போட்டாள். மறுபடி இழுத்தான். முறைத்தான். மறுபடி இழுத்தான்.

அப்போது ரோட்டு வளைவில் பஸ் கதறியது. எல்லா வளைவிலும் ஒரு தடவை அமுக்குகிற டிரைவர் இந்த வளைவில் மட்டும், வீட்டிலிருக்கிற பெண்டாட்டிக்காக, இரண்டு தடவை கூடுதலாக அமுக்குவான். பாம், பாம். ஓமனா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்துத் தாணம்மாளுக்கும் ஏழு நாளில் முதல்முதலாகச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் மாருக்குள் ஊசியால் குத்துகிற மாதிரி ஒரு சுரீர். தங்கப்பன் முறைப்பதை விட்டான். களக், களக் என்று அவன் விழுங்குகிற சத்தம் புரை முழுக்கக் கேட்டது.

"வந்துட்டு" என்றாள் ஓமனா, மெதுவாக.

இந்த நேரம் பார்த்துத்தானா சொர்ணம்மாள் வரவேண்டும்! கையில் ஆட்டுப்பால் செம்பு. வாசலில் நின்று பார்த்தாள். மருமகள் மாரில் எவளோ பெற்ற பிள்ளை. பேத்தியோ எவளோ ஒருத்தி மாரில்.

"அய்யோ, என்னட்டி அநியாயம் இது! யாரு பிள்ள யாரு மாருல? ஊரு தெரியாது, ஆளு தெரியாது, இவ பாலா எம் பேத்திக்கு?"

ஓமனா அசையவே இல்லை.

"அம்மை திட்டுங்கோ. கொச்சு குடிச்சுத் தீரட்டும், பொறவு நல்லா இருந்து திட்டுங்கோ."

சத்தம் கேட்டுத் தங்கப்பன் திரும்பினான். வாய் விலகியதும் தாணம்மாளின் மாரிலிருந்து பால் பீய்ச்சி அவன் கன்னத்தில் அடித்தது, வைக்கோலில் தெறித்தது. சொர்ணம்மாள் அதைப் பார்த்தாள். கையிலிருந்த செம்பை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. தரையில் உட்கார்ந்து, வைக்கோலில் விழுந்த அந்தப் பால் துளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான் கட்டுன பூவு கெடுத்துப் போடலியா? மக்கா, நான் கெடுத்துப் போடலியா?"

அப்படி அழுதாள். பேரன் செத்தபோதுகூட அவள் சத்தம் போட்டு அழுததை யாரும் கேட்டதில்லை. அழுது முடித்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய செம்பு நிறையச் சுடுதண்ணீர். அதை மருமகளிடம் நீட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓமனாவுக்கும் ஒரு செம்பு கொண்டுவந்து வைத்தாள்.

அன்றிலிருந்து நாற்பது நாள் பிள்ளை மாற்றினார்கள். பஸ் வந்தால் நேரம் என்று அர்த்தம். ஹாரன் கேட்டதும் ஓமனா பயலைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டுவாள். தங்கப்பன் தாணம்மாளிடம் குடித்துப் பாலை இறக்குவான். இறங்கியதும் அவனைப் பிடுங்கிவிட்டு நாகம்மையைப் போடுவார்கள். அவள் களைத்தால் மிச்சத்தை ஓமனா கொடுப்பாள். பிடுங்கப்பட்ட ஆத்திரத்தில் தங்கப்பன் போடுகிற கூச்சல் ரோட்டுக்குக் கேட்கும். பன்னிரண்டாம் நாள் நாகம்மை தானாகவே வாயைத் திறந்து பிடித்தாள். இருபதாம் நாள் கன்னத்தில் சதை வைத்தது. சொர்ணம்மாள் உலுவா என்கிற வெந்தயமும் பூண்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சி இரண்டு பேருக்கும் கொண்டுவருவாள். முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொள்வாள், ஒரே நாளில் சிரித்துவிட்டால் மாமியார் கௌரவம் என்ன ஆவது?

அந்த நாற்பது நாளைத் தாணம்மாள் பிற்பாடு எத்தனை தடவை நினைத்திருப்பாள்! வெளியே காற்று தென்னையைப் போட்டு ஆட்டும். உள்ளே வைக்கோல் வாசனையும் பால் வாசனையும். ஓமனா குலசேகரத்து மழையைப் பற்றிச் சொல்லுவாள். ரப்பர் தோட்டத்து அட்டைகள் காலில் ஏறுவதைச் சொல்லுவாள். தாணம்மாள் மூத்தவனைப் பற்றிச் சொன்னாள். அவனுக்கு இடது காதில் ஒரு மச்சம் இருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஓமனாவிடம்தான் சொன்னாள். ஓமனா ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. எந்தக் காதில் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

நாற்பது கழிந்து தாணம்மாள் வீட்டுக்குத் திரும்பினாள். பிச்சிப்பூ குவியல் குவியலாகக் கிடந்த அதே அறையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். எல்லோரும் பயந்து பயந்து பார்த்தார்கள். பால் அது பாட்டுக்கு வந்தது. பகவதியப்பன் அன்றைக்குத்தான் கையைக் கழுவாமல் வந்து மகளைத் தூக்கினான். பிள்ளை அவன் விரலை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. 1109 ஆனியில் டிரைவரைத் திருவனந்தபுரம் லைனுக்கு மாற்றினார்கள். ஓமனா சாமான் கட்ட ஆரம்பித்தாள். நாகம்மை ஓடி விளையாடுகிற பிள்ளை, ஆனாலும் பஸ் ஹாரன் கேட்டால் விளையாட்டை விட்டுவிட்டு வந்து மடியில் ஏறுவாள். பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். முகத்தைச் சுளித்து, தாயின் முந்தானையாலேயே துடைத்துவிட்டுக் குடித்தாள். அப்புறம் என்ன, பூதான் கட்டவேண்டும்.

சொர்ணம்மாள் பின்வாங்கிவிட்டாள்.

"எங் கையால வேண்டாம் மக்கா. இந்தக் கை ஒருக்க கட்டுனது போதும்."

தாணம்மாளுக்கும் மனசு வரவில்லை. பூவை அவளே தொடுத்தாள், அதைக் கட்டிக்கொள்ள முடியவில்லை. சரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓமனா ஊருக்குப் போகிற அன்று காலை, மூட்டைமுடிச்சையெல்லாம் ரோட்டில் வைத்துவிட்டு, கடைசியாக வேலியைத் தாண்டி வந்தாள். மடியிலிருந்த சரத்தைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு, பூவை வைத்து, துணியைச் சுற்றினாள்.

"இறுக்கமா இருக்கா?"

"அன்னைக்கும் இதே பூதாங்கா."

"அன்னைக்குக் குடிக்க ஆளில்லாமக் கட்டுனது. இன்னைக்குக் குடிச்சு நெறைஞ்சவ வெளிய ஓடிச் சாடிகிட்டு இருக்கா. போயி அவளப் பாரு."

ஓமனா தாணம்மாளின் கன்னத்தை ஒரு தடவை தடவினாள். தங்கப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள்.

தாணம்மாள் வேலிப்பக்கம் வந்து நின்றாள். பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. வளைவில் ஒரு தடவை கதறியது. பிறகு, வழக்கம் விடாமல், இரண்டு தடவை கூடுதலாக. பெண்டாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது யாருக்காக அமுக்கினானோ! தாணம்மாளுக்கு மார் கனத்தது. சுரீர் என்று குத்தியது. பால் இறங்கி, பூவை நனைத்து, துணியை நனைத்து, சேலையில் பரவியது.

சொர்ணம்மாள் அதைப் பார்த்துப் பதறினாள்.

"நிக்கலியே மக்கா! பூவ மாத்தி, இன்னும் இறுக்கிக் கட்டணுமோ?"

"இருக்கட்டும் அத்தே. இன்னைக்கு ஒரு நாள் வரட்டும்."

முற்றத்தில் நாகம்மை காற்றோடு ஓடிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப்புறம் வாடகை வீட்டின் கதவு சாத்திக் கிடந்தது. தாணம்மாள் உள்ளே போனாள். சரம் கட்டியது போகப் பாயில் கொஞ்சம் பிச்சிப்பூ மிச்சம் கிடந்தது. ஒரு சாண் நாரை எடுத்து அதைக் கட்டி, நாலு வருஷத்துக்கும் மேலே பூ வைக்காத தன் தலையில் வைத்துக்கொண்டாள்.